சேவியருக்கு, அடிக்காமல் விட்ட ஒரு வரியைப் பற்றி

என் அருமைச் சேவியர்,

நீ மண்ணுக்குள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை நான்கு முறை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். ஐந்தாவது முறையும் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். உனக்கு எழுத எனக்கென்ன கூச்சம் என்று கேட்பாய். உனக்கு எழுதுவதில் கூச்சமில்லை. இது அச்சில் வரப்போகிறது, ஊரே படிக்கப் போகிறது. கை நிற்பது அதனால்தான்.

படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நான் தரைப்படையில் மக்கள் தொடர்பு அதிகாரியாக இருந்தவன். ராணுவத்துக்கும் பத்திரிகைகளுக்கும் நடுவே உட்கார்ந்து செய்திக் குறிப்பு எழுதுவது என் வேலை. சேவியர் என் பிரிவின் புகைப்படக்காரன், நொச்சிக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. பதினெட்டு வருடம் அவன் படம் எடுத்தான், நான் எழுதினேன்.

நான் அந்த வேலைக்கு வந்த கதை உனக்குத் தெரியும். மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆங்கில ஆசிரியனாக இருந்தேன். வேலை நிரந்தரமாகாது என்று தெரிந்ததும் ராணுவத் தேர்வு எழுதினேன். தேறியது எனக்கே ஆச்சரியம். பயிற்சியில் விசையை அழுத்தும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். பயிற்சியாளர் என் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டி, "இவன் சுட்டால் நம் ஆள்தான் சாவான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கோவையாக எழுதுவேன். எதையும் வரிசைப்படுத்தி வைப்பேன். மேலே இருப்பவர்களிடம் வாயைத் திறக்க மாட்டேன். மக்கள் தொடர்புக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

வெளியே இருப்பவர்கள் அது கைகுலுக்குகிற வேலை, தேநீர் கொடுக்கிற வேலை என்று நினைக்கிறார்கள். அணிவகுப்பும் பதக்கமும் பாதிதான். மீதிப் பாதி சாவு. எத்தனை பேர், எங்கே, எப்போது, எந்த ஊர்க்காரர்கள். அதை எண்ணி எழுதுகிறவன் முதலில் போய்ப் பார்த்தாக வேண்டும்.

மலைப்பாதையில் பள்ளத்துக்குள் விழுந்த லாரியை எண்ண நாம் இருவரும் கயிறு பிடித்து இறங்கியது நினைவிருக்கிறதா? ஓட்டுநரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டியரிங் இருந்தது. நான் என் குறிப்புப் புத்தகத்தின் மேலேயே வாந்தி எடுத்தேன். நீ என் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பி உட்கார வைத்தாய்.

"சார், நீங்க அந்தாண்ட பாத்துக்கினு குந்துங்க. நான் பாத்து சொல்றேன். நீங்க எழுதிக்குங்க."

அன்றிலிருந்து அதுவே நம் வழக்கமாயிற்று. பனிச்சரிவில் புதைந்தவர்களை நீ பார்த்தாய், நான் எழுதினேன். எல்லையில் பீரங்கிக் குண்டு விழுந்த பதுங்கு குழிக்குள் நீ தவழ்ந்து போனாய். நான் வெளியே நின்று, "எத்தனை?" என்று கேட்டேன். "மூணு. இல்ல சார், நாலு. இன்னொரு கை கீது" என்றாய். நான்கு என்று எழுதினேன். என் பெயரில் எத்தனை பாராட்டுக் கடிதங்கள் வந்தன, தெளிவான, பிழையற்ற செய்திக் குறிப்புகள் என்று. அவை எல்லாம் உன் கண்கள்.

என் பங்கு அந்த நீல அட்டைக் கோப்பு. எந்த விபத்து நடந்தாலும் தடுமாறக் கூடாது என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு படிவம் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். தேதி, இடம், எண்ணிக்கை, பணியில் இருந்தவர் பெயர் எல்லாவற்றுக்கும் காலி இடம். கடைசியில் காரணம் என்று மூன்று வரிகள்: இயற்கைச் சீற்றம், கருவிக் கோளாறு, பணியாளரின் கவனக்குறைவு. முதல் நாள் அறிக்கையில் மூன்றையும் கோடு போட்டு அடித்துவிட்டு, விசாரணைக்கு உத்தரவிடப்பட்டுள்ளது என்று மட்டும் எழுத வேண்டும். அந்த விதியை வகுத்தவனும் நான்தான். நீ அந்தக் கோப்பைத் தொட மாட்டாய். "சாவறதுக்கு முன்னாடியே கருமாதி பத்திரிக அடிச்சி வச்சிக்கிற ஒரே மனுசன் நீங்கதான் சார்" என்பாய்.

இனி லூர்துவைப் பற்றி எழுத வேண்டும்.

லூர்து உன் தெருக்காரன். நீ சீருடையோடு விடுமுறைக்குப் போனதைப் பார்த்துத்தான் அவனும் படையில் சேர்ந்தான். நம் அலுவலகம் இருந்த அதே முகாமில் வெடிமருந்துக் கிடங்கில் அவனுக்கு வேலை. மாலையில் நீ படம் கழுவும் இருட்டறைக்கு வந்து நிற்பான். ஒருநாள் என்னிடம் முறையிட்டான்.

"சார், உங்க ஃபோட்டோகிராபர் ஊரையெல்லாம் எடுக்கறான். என்னை ஒரு படம் எடுக்க மாட்றான். அழகா கீறேன்னு பொறாம."

"போடா கருவாட்டு மூஞ்சி," என்றாய் உள்ளேயிருந்து. "உன்ன எடுத்தா ஃபிலிமு நாறும்."

அந்தக் கோடைக் காலையில் முதல் வெடி வெடித்தபோது என் மேஜைக் கண்ணாடியில் குறுக்காக விரிசல் விழுந்தது. ஜீப்பில் போனோம். கிடங்கு வாசலுக்கு இருநூறு கஜம் முன்னால் சாலைக்கு அடியில் ஒரு குழாய்ப் பாலம். நான் அங்கேயே இறங்கிக்கொண்டேன். "இங்கிருந்தே எல்லாம் தெரிகிறது" என்றேன். புகையைத் தவிர எதுவும் தெரியவில்லை. நீ காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினாய்.

உள்ளே குண்டுகள் ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டிருந்தன. ஓர் இரும்புத் துண்டு பறந்து வந்து சாலையோரத்து வேப்பமரத்தை இடுப்பளவில் அறுத்துப் போட்டது. சட்டை எரிய ஒருவன் ஓடி வந்தான். அவன் இரண்டு கைகளின் தோலும் உரிந்து விரல் நுனியிலிருந்து கையுறை போலத் தொங்கியது. தண்ணீர் என்றான். என் புட்டியை நீட்டினேன். அவனால் பிடிக்க முடியாது என்பது எனக்கு ஏன் உறைக்கவில்லை? பிறகுதான் வாயில் ஊற்றினேன். இரண்டு மடக்குக் குடித்தான். மூன்றாவது மடக்கு வாயோரமாக வழிந்தது. உட்கார்ந்தபடியே செத்துப்போனான்.

அப்புறம் பெரிய வெடி. நான் குழாய்க்குள் முகம் புதைத்துக் கிடந்தேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்மேல் ஏதோ கனமாக விழுந்தது. உதறினேன். ஒரு பூட்ஸ். கயிறு ஒழுங்காகக் கட்டியிருந்தது. உள்ளே பாதம் இருந்தது.

உன்னை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். இரண்டு காதிலிருந்தும் ரத்தம். நான் பேசியது உனக்குக் கேட்கவில்லை. நீ ஏதோ கத்தினாய், எனக்குப் புரியவில்லை. ஆம்புலன்ஸ் போய்விட்டது. நான் என் மேஜைக்குத் திரும்பினேன்.

செத்தவர்கள் ஏழு பேர். அவர்களில் லூர்துவும் ஒருவன். வீடுகளுக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததும் மாலையில் அறிக்கை தர வேண்டும். உன் கண் இல்லாமல் நான் எழுதிய முதல் அறிக்கை அது. நீலக் கோப்பிலிருந்து படிவத்தை எடுத்தேன். பணியில் இருந்தவர் பெயர் என்ற இடத்தில் பணிப்பட்டியலைப் பார்த்து லூர்துவின் பெயரை நிரப்பினேன். காரணங்களில் முதல் வரியை அடித்தேன். இரண்டாவது வரியை அடித்தேன். தொலைபேசி அடித்தது, தில்லியிலிருந்து. நின்றுகொண்டே பத்து நிமிடம் பதில் சொன்னேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது மூன்றையும் அடித்துவிட்டதாகவே என் மனசு சொன்னது. தட்டச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. பணியில் இருந்தவரின் கவனக்குறைவே காரணம், பெயர் இன்னது, ஊர் சென்னை. நான் கவனக்குறைவு என்றதை ஒரு பத்திரிகை பீடி நெருப்பு என்று ஆக்கியது. அதற்கடுத்த நாள் எல்லாப் பத்திரிகைகளிலும் பீடிதான்.

கோப்புப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது வரி முழுசாக இருந்தது. என்னால் நம்ப முடியவில்லை. விளக்கைப் போட்டு மறுபடி பார்த்தேன்.

நான்காம் நாள் நீ காதில் பஞ்சோடு வந்தாய். நேராக இருட்டறைக்குள் போனாய். ஈரம் காயாத ஒரு படத்தை என் மேஜைமேல் வைத்தாய்.

"பாருங்க சார். லூர்து. மொத வெடி வெடிச்சி கால் மணி நேரம் ஆச்சி. ரெண்டு பேர தூக்கினு வந்து வெளிய போட்டுட்டு மறுபடி உள்ள போறான். டேய் வாணாம்டானு கத்தறேன். இன்னொருத்தன் கீறான்டானு கைய காமிச்சிட்டு போறான். மொத வெடி சொல்லோ அவன் உள்ளயே இல்ல சார். சமையக்கட்டாண்ட டீக்கு நின்னுகினு இருந்தான். சமையக்காரனே சொல்றான். இவனா பீடி பத்த வச்சான்? இத பேப்பருக்கு குடுங்க சார்."

உனக்குக் காது சரியாகக் கேட்காததால் மிகவும் சத்தமாகப் பேசினாய். நான் எழுந்து கதவைச் சாத்தினேன். அதுதான் நான் செய்த முதல் காரியம், சேவியர். படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கதவைச் சாத்தினேன்.

படத்தை எங்கள் தலைமை அதிகாரியிடம் கொண்டுபோனேன். பிழை என்னுடையது என்று சொல்லத்தான் போனேன். அவர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நல்ல படம். விசாரணை முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்றார். சரி ஐயா என்றேன். எட்டு மாதம் கழித்து விசாரணை முடிந்தது. பழைய குண்டுகள், தாங்க முடியாத வெப்பம், எந்தத் தனி மனிதர் மேலும் குற்றமில்லை. திருத்தம் ஒன்று எழுதி எடுத்துப் போனேன். "பத்திரிகைக்காரர்கள் மறந்தே போய்விட்டார்கள். நாமே ஏன் நினைவூட்ட வேண்டும்?" என்றார். அதற்கும் சரி ஐயா என்றேன். அந்தத் திருத்தத்தையும் படத்தையும் என் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

அந்த எட்டு மாதத்துக்கு நடுவில் நீ ஒருமுறை விடுமுறைக்கு ஊருக்குப் போனாய். திரும்பி வந்தபோது நெற்றி மேட்டிலிருந்து உச்சி வரைக்கும் தையல். என்னவென்று கேட்டேன். "பாறையில வழுக்கினேன் சார்." மருத்துவப் பதிவேட்டில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன் பாறையில் வழுக்குவானா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தேனோ?

ஓய்வு பெற்று நான் மயிலாப்பூருக்கே வந்து சேர்ந்தேன். நீயும் குப்பத்துக்கு வந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிப்படியில் உன் செருப்புச் சத்தம் கேட்கும். சார் என்று கூப்பிடாதே என்று சொன்னதும் அண்ணாத்த என்று ஆரம்பித்தாய். "ஒங்க ஆத்துக்கு நான் இன்னாத்த எடுத்தாறது அண்ணாத்த? வஞ்சரம் குட்தா மன்னி என்னை மாடிலேர்ந்து உருட்டி வுட்டுடுவாங்க" என்பாய். என் மனைவி உள்ளேயிருந்து, "சேவியர், காதுல விழறது" என்பாள். சிரித்தோம், காபி குடித்தோம். லூர்து பெயரை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

என் வீட்டிலிருந்து நொச்சிக்குப்பத்துக்கு என் நடையில் இருபது நிமிடம். நீ உயிரோடு இருந்தவரை நான் ஒருமுறைகூட அங்கே வரவில்லை. நீயும் ஒருமுறைகூட வா என்று கூப்பிடவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்தும் கேட்காமல் இருந்தேன்.

உன் அடக்கத்துக்குத்தான் முதல் முறை உன் ஊர்க்காரர்கள் நடுவில் நின்றேன். மாலையைப் பிடித்துக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் தனியாக நின்றபோது ஒருவன் வந்து என் பக்கத்தில் குந்தினான். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், வலை இழுத்துக் காய்த்த கைகள், லேசாகக் குடித்திருந்தான். நான் யாரென்று அவனுக்குத் தெரியாது. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது அவனுக்கு.

"பெருசு, இவன் மண்டையில தையல் கீதே பாத்துகிறியா? நான் போட்டது."

அவன் அந்தோணி, லூர்துவின் தம்பி.

"எங்கண்ணன் மிலிட்டிரில செத்தான். பீடி புடிச்சி ஆறு பேர கொளுத்துனான்னு பேப்பர்ல போட்டாங்க. எங்கம்மா மீன் வித்துகினு இருந்துச்சி. ஒருத்தி வந்து கூடைய எட்டி ஒதச்சி, கொலகாரன பெத்தவனு கேட்டா. எங்கம்மா மீன் அறுக்கற கத்தியாலயே அவ முழங்கைய கிழிச்சிடுச்சி. ஸ்டேஷன்ல பெஞ்சுக்கு கீழ குந்த வச்சாங்க எங்கம்மாவ. கல்லறையில பேரு எழுதி செலுவ நட்டோம். எவனோ ஒடச்சி தூர போட்டான். மறுபடி நட்டோம். மறுபடி ஒடச்சான். அப்பால எங்கம்மா பேரே எழுத வாணாம்னுடுச்சி."

மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"அப்போ இவன் லீவுல வந்தான். மிலிட்டிரில பேப்பருக்கு எழுதற ஆபீசுல கீறான் இல்ல, இவன்தான் எழுதினான்னு நெனச்சேன். துடுப்ப எடுத்து ஒரே போடு. ரத்தம் மூஞ்சில வழியுது. நீதானடா எழுதனன்னு கேட்டேன். எங்க ஆபீஸ்தான்டா எழுதிச்சி, அடின்னான். இன்னொன்னு போட்டேன். கைய கூட தூக்கல, பெருசு. குனிஞ்சி குட்தான். லூர்து ஆள தூக்கத்தான் உள்ள போனான்னு இவன் சொன்னத எங்கம்மா மட்டும் நம்புச்சி, பேப்பர படிச்ச ஊரு நம்பல."

நான் என்ன செய்தேன் தெரியுமா, சேவியர்? "அப்படியா" என்றேன். மாலையை உன் பெட்டியின் மேல் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒன்பது மாதம் அந்தப் படத்தை எடுத்தேன், வைத்தேன். லூர்துவின் அம்மா ரோஸம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, மூச்சிரைப்பு என்று உன் மகள் போனில் சொன்னாள். அந்த அம்மா அறியாமலே போய்விட்டால் என் பிழை யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தவன் நான்தான். மறைக்கவில்லை.

கல்லறைத் திருநாளன்று போனேன். உன் ஊரே அங்கே இருந்தது. கல்லறைகளைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உன் கல்லறைக்கு நாலு வரிசை தள்ளி, பெயரில்லாத ஒரு சிமெண்டு மேட்டின் பக்கத்தில் ரோஸம்மா உட்கார்ந்திருந்தாள். சேவியரின் ஆபீசர் என்றேன். முகம் மலர்ந்தது.

"வா நைனா, குந்து. எப்ப பாரு உன் பேச்சுதான் பேசுவான். தங்கமான மனுசன், ஒரு எறும்ப கூட மிதிக்க மாட்டாருன்னு."

அதைக் கேட்ட பிறகு சொல்வது எவ்வளவு கடினம் என்று உனக்குப் புரியும். நின்றுகொண்டே சொன்னேன். "அம்மா, உங்க பிள்ளையைப் பத்திப் பேப்பர்ல வந்தது தப்பு. அதை எழுதினது சேவியர் இல்லை. நான்."

அவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த அந்தோணி திரும்பினான்.

அடுத்த கணம் என் கழுத்து அவன் கையில் இருந்தது. பக்கத்துக் கல்லறையின் விளிம்பில் என் பின்மண்டை மோதியது. மூக்குக் கண்ணாடி நொறுங்கியது. அறை விழுந்ததில் என் பல்செட் மணலில் போய் விழுந்தது. "இத்தினி நாளா எங்க இருந்த? அவன் மண்டைய ஒடச்சேனே! அவன் மண்டைய ஒடச்சேனேடா!" என்று கத்திக்கொண்டே அடித்தான். வயிற்றில் ஓர் உதை. எனக்கு மூச்சு நின்றது. யாரோ ஓடி வந்து, "யோவ் அந்தோணி, வயசான ஆளுய்யா, செத்து கித்து தொலையப் போவுது!" என்று இழுத்தார்கள். அவன் விடவில்லை.

"வுடுடா," என்றாள் ரோஸம்மா. "அவன் செத்துட்டா யாருடா சொல்லுவா?"

அந்தோணியின் கை தளர்ந்தது. நான் மணலில் உட்கார்ந்தபடியே பல்செட்டைத் தேடி எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டேன், பேச வேண்டும் அல்லவா? பையிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

படத்தில் முகம் தெரியாது. புகைக்கு முன்னால் ஒரு முதுகு மட்டும்தான். அவள் அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"எடது தோளு எறங்கி கீது பாரு. வலை செமந்த தோளு. லூர்து." ஒரு விரலால் அந்தத் தோளைத் தடவினாள். "உள்ள போறானா, வெளிய வரானா?"

"உள்ளே போறான்."

"எத்தினியாவது வாட்டி?"

"மூணாவது வாட்டி. ரெண்டு பேரை வெளியே கொண்டுவந்து போட்டுட்டு."

"அந்த ரெண்டு பேரும் பொழச்சாங்களா?"

"பொழச்சாங்க."

படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "இத்தினி வருசம் இது எங்க இருந்திச்சி?"

"என் பெட்டியில்."

உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை ஓங்கி என் கன்னத்தில் அறைந்தாள். அந்தோணி அடித்ததெல்லாம் வலித்தது. இது வலிக்கவில்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எழுதியது நான் என்று சேவியருக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும், அவன்தான் இந்தப் படத்தை எடுத்தான், பத்திரிகைக்குக் கொடு என்று என்னிடம் கேட்டான், நான்தான் கொடுக்கவில்லை என்றேன். அவள் உன் கல்லறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தோணி அங்கே போய் மணலில் நெற்றியை வைத்துக் குப்புறக் கிடந்தான். அவன் முதுகு குலுங்குவதை மட்டும் கண்ணாடி இல்லாமலே என்னால் பார்க்க முடிந்தது.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் வாணாம். பேப்பர்லதான வந்திச்சி? பேப்பர்லயே போடு. ஆபீஸு எழுதிச்சின்னு போடாத. ஆபீஸுக்கு கையா கீது? எழுதனவன் பேர போடு."

நான் தலையாட்டினேன். முப்பது வருடம் எழுதிய குறிப்புகளில் ஒன்றில்கூட என் பெயர் இருந்ததில்லை. ராணுவச் செய்தித் தொடர்பாளர் ஒருவர் தெரிவித்தார் என்றுதான் வரும். அந்த ஒருவருக்குப் பின்னால் எவ்வளவு சௌகரியமாக இருந்தேன்!

நீ ஏன் என் பெயரைச் சொல்லவில்லை, சேவியர்? என்னைக் காப்பாற்றவா? அல்லது உன் தெருவில் என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருந்த அந்தத் தங்கமான மனுசனைக் காப்பாற்றவா? நானே போய்ச் சொல்வேன் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாடியேறி வந்து காத்திருந்தாயா? அதை நினைத்தால்தான் என்னால் உட்கார முடியவில்லை.

ஆகவே எழுதுகிறேன். வெடிமருந்துக் கிடங்கில் முதல் வெடி வெடித்தபோது நொச்சிக்குப்பம் லூர்து கிடங்குக்குள் இல்லை. அவர் பீடி பிடிக்கவில்லை. விபத்துக்கு அவர் காரணமில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அவர் ஓடி வந்து இரண்டு பேரை உயிரோடு வெளியே கொண்டுவந்தார். மூன்றாவது ஆளுக்காக உள்ளே போனபோது இறந்தார். அவர்மேல் பழி விழுந்தது என் பிழையால். அது பிழை என்று தெரிந்தும் வாய்மூடி இருந்தது என் கோழைத்தனத்தால். இதை எழுதியதற்காக யாராவது என்னைக் கூப்பிட்டு விசாரித்தால் போவேன்.

இது அச்சில் வருகிற காலை, பத்திரிகையை எடுத்துக்கொண்டு குப்பத்துக்கு வருகிறேன். ரோஸம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சாலையோரத்து மீன் கடைகள் முன்னால் நின்று சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். முழுக்கக் கேட்ட பிறகுதான் கல்லறைக்குப் பேர் வெட்ட ஆள் கூப்பிடுவாளாம். அந்தோணி என்ன சொன்னான் என்று உன் மகளைக் கேட்டேன். "வரட்டும், படிக்கட்டும், அப்பால பாக்கலாம்" என்றானாம்.

என் குரல் உனக்குத் தெரியும். பத்து பேர் முன்னால் நின்றாலே நடுங்கும். அன்றைக்கும் நடுங்கும். பாதியில் அடி விழுந்தால் எழுந்து நின்று, விட்ட இடத்திலிருந்து படிப்பேன். இந்த ஒன்றைக் கடைசி வரி வரைக்கும் படிப்பேன், கீழே இருக்கிற பெயரையும் சேர்த்து. பயமாக இருக்கிறது, சேவியர். ஆனால் வருவேன்.

உன் அண்ணாத்த,
மயிலாப்பூர் கி. ரங்கநாதன்,
லூர்துவைப் பற்றி அந்தச் செய்தியை எழுதியவன்.